அளந்த சொல்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, என் தமக்கையின் மகன் ஆங்கிலப் பத்திரிகைத் துண்டொன்றைக் கையிலே பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். அரசாங்க மொழிபெயர்ப்பாளர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பவன். நாள்தோறும் ஒரு செய்தியையாவது தமிழாக்கிப் பழகவேண்டும் என்பது நான் அவனுக்கு வைத்த விதி. அன்று அவன் எடுத்துக்கொண்டது வெளிநாட்டுச் செய்தி ஒன்று. இரண்டு நாடுகளுக்கிடையே எல்லைப் பூசல். ஒரு நாட்டின் அமைச்சர் நிருபர்களுடைய கடுமையான கேள்விகளுக்குப் பதில் சொல்லுகிறார். அந்தப் பதிலுக்குச் செய்தியாளர் இட்ட அடைமொழி ‘மெஷர்ட்’ என்பது. அதே செய்தியின் கடைசிப் பந்தியிலே, தம் நாட்டு விமானங்கள் அயல்நாட்டின்மேல் நடத்திய தாக்குதலைப் பற்றி அவ்வமைச்சர் தாமே பேசுகிறார். அங்கேயும் ‘மெஷர்ட்’ என்னும் சொல்லே வருகின்றது.

பையன் அகராதியைப் புரட்டினான், எழுதினான், எழுதியதை உரத்து வாசித்தான்: “அமைச்சர் நிருபர்களுக்கு அளந்து பதில் கூறினார்.” உள்ளே உலைக்கு அரிசி அளந்துகொண்டிருந்த என் மனைவி, சுண்டும் கையுமாக வாசற்படி வரையில் வந்து, “அளந்தவரோ? அதுதானே தம்பி அவையின்ரை தொழில்!” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பையனுக்கோ முகம் சுருங்கிவிட்டது. “மாமா, அகராதியிலை அப்பிடித்தானே கிடக்கு. நான் பிழையோ, அகராதி பிழையோ?” என்று கேட்டான். அகராதியும் பிழையன்று, அவனும் பிழையல்லன், என் மனைவியும் பிழையல்லள். ஆயினும் வாக்கியம் பிழையாகத்தான் இருந்தது. அஃது ஏன் என்று தேடப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை.

தமிழிலே ‘அளத்தல்’ என்னும் வினைக்கு இரண்டு முகங்கள் உள. ‘அவர் அளந்து பேசுகிறவர்’ என்றால் அது பாராட்டு. ‘அவர் நன்றாய் அளக்கிறார்’ என்றால் அது ஏளனம். சொல் ஒன்றே. முன்னதிலே அது பேச்சுக்கு அடையாக நிற்கின்றது. பின்னதிலே தானே பேச்சாகிவிடுகின்றது. கதையளத்தல், அளந்துவிடுதல் என்று நாம் வழங்குவனவெல்லாம் இந்தப் பின்னதன் கிளைகளே. களத்திலே நெல்லளப்பவனுடைய கை ஓயாமல் அள்ளி அள்ளிக் கொட்டுவதை நினைத்துக்கொண்டால், வாய் ஓயாதவனுக்கு இச்சொல் பொருந்திய வழி ஓரளவு புலப்படும் எனக் கருதுகிறேன். ஆங்கிலச் சொல்லுக்கு இந்த இரண்டாம் முகம் இல்லை. ஒருவருடைய பேச்சை ‘மெஷர்ட்’ என்று ஓர் ஆங்கிலேயர் சொன்னால், அஃது எப்பொழுதும் மதிப்புத் தருவதே. அந்த மதிப்பு எதற்காகத் தரப்படுகின்றது, தகுதி உள்ளவர்க்குத்தான் தரப்படுகின்றதா என்பனவே நாம் ஆராயவேண்டியவை.

முதலிலே சொல்லின் பிறப்பைச் சிறிது பார்ப்போம். ‘மெஷர்’ என்பது இலத்தீனிலே ‘மென்சூரா’ என வழங்கிப் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துட் புகுந்தது. ‘மென்சூரா’வுக்கு அடி, அளத்தலைக் குறிக்கும் ‘மேத்தீரி’ என்னும் வினை. மொழிநூலார் இவ்வினையையும், அளத்தல் என்னும் பொருளுடைய வடமொழித் தாதுவாகிய ‘மா’ என்பதனையும் ஒரு குடும்பத்தனவாகக் கொள்வர். அந்தத் தாதுவின் வழியாக வந்ததே நமது ‘மாத்திரை’. எழுத்தொலியின் கால அளவைக் கண்ணிமைப் பொழுதாலும் கைந்நொடிப் பொழுதாலும் வரையறுத்த நம் இலக்கண ஆசிரியர் அவ்வளவுக்கு இட்ட பெயரும் மாத்திரை. இன்று மருந்துச்சாலையிலே நாம் வாங்கும் குளிகைக்கும் அதே பெயர். முன்னதிலே அளவு தப்பினால் செய்யுள் கெடும். பின்னதிலே ஆள் கெடும். ஆகவே ‘மெஷர்ட்’ என்பது நமக்கு முற்றிலும் அந்நியமான சொல்லன்று. தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளலாம்.

தொடக்கத்திலே இவ்வடைமொழிக்கு ‘அளக்கப்பட்ட’ என்பதே பொருள். அடக்கம், நிதானம் என்பன பின்னே வந்து சேர்ந்தவை. பழைய பொருள் இன்னும் மறையவில்லை என்பதைக் காட்டச் சில வழக்குகள் உள. கப்பலின் வேகத்தைச் சோதிப்பதற்காகக் கடற்கரையோரமாக அளந்து குறிக்கப்பட்ட ஒரு மைல் தூரத்தை ஆங்கிலேயர் ‘மெஷர்ட் மைல்’ என்பர். ஸ்கொட்லாந்திலே, கிளைட் ஆற்றுமுகத்துக்கு அண்மையில் உள்ள ஸ்கெல்மோர்லி என்னும் இடத்திலே அத்தகைய மைல் ஒன்று உண்டு. கரையிலே, தூரத்தின் இரு முனைகளிலும், ஒன்றன்பின் ஒன்றாக இரண்டிரண்டு கம்பங்கள் நாட்டியிருப்பர். கப்பலிலே நிற்பவர், முன்கம்பம் பின்கம்பத்தை மறைத்து இரண்டும் ஒன்றாய்த் தோன்றும் கணத்திலே கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்வார். மறுமுனையிலும் அவ்வாறே செய்வார். நீரோட்டம் கப்பலைத் தள்ளிக் கணக்கைக் கெடுக்கும் ஆதலின், போகும்போது ஒருமுறையும் திரும்பும்போது ஒருமுறையும் ஓட்டிச் சராசரி காண்பது வழக்கம்.

இசையிலும் இச்சொல் உண்டு. ஐரோப்பியத் தேவாலயங்களிலே பழங்காலத்தில் பாடப்பட்ட ஒருகுரற் பாட்டு, ஒவ்வொரு சுரத்துக்கும் இவ்வளவு காலம் என்ற கட்டில்லாமல், சொல்லின் ஓட்டத்தோடு ஓடியது. பல குரல்கள் ஒன்றோடொன்று பின்னிப் பாடத் தொடங்கியபோது அது போதாதாயிற்று. ஒருவன் நீட்டும்போது மற்றவன் எங்கே நிற்பது என்பது தெரியவேண்டும் அல்லவா? பதின்மூன்றாம் நூற்றாண்டிலே கொலோன் நகரத்து பிராங்கோ என்பவர், சுரக்குறியின் வடிவத்தைக் கொண்டே அதன் கால அளவை அறியும் முறையை வகுத்து நூல் செய்தார். அம்முறையில் அமைந்த இசையே ‘அளக்கப்பட்ட இசை’ எனப்பட்டது. படைவீரர் மரண ஊர்வலத்திலே வைக்கும் ஒத்த நடையையும், செய்யுளின் சீரையும் இவ்வடைமொழியால் குறித்தனர். சமமான இடைவெளி, தடுமாறாத ஒழுங்கு என்ற இக்கருத்திலிருந்துதான், தடுமாறாத மனம், அம்மனத்திலிருந்து வரும் பேச்சு என்று பொருள் மெல்ல நகர்ந்தது.

இவ்வழக்குகளிலே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எதிலும் ‘சிறிய’ என்ற பொருள் இல்லை. அளந்து வைத்த மைல் குறுகிய மைல் அன்று. அளந்த இசை மெதுவான இசையும் அன்று. இன்று ஆங்கிலம் எழுதுவோர் பலரும், அவர்களைப் பார்த்துத் தமிழ் எழுதுவோர் பலரும், ‘மெஷர்ட்’ என்றால் கொஞ்சமாக, மெலிதாக, நோகாமல் என்று கொள்வது இதனை மறந்ததால் வந்த பிழை.

இச்சொல்லுக்கு அண்டை வீட்டார் பலர் உளர். அவர்களோடு சேர்த்துப் பார்த்தால் இதன் தனித்தன்மை விளங்கும். ‘ரிசேவ்ட்’ என்பவர் தம்மிடம் உள்ளதைப் பின்னுக்கு வைத்துக்கொள்பவர். அச்சொல்லின் இலத்தீன் மூலத்துக்கும் அதுவே பொருள். ‘ரெற்றிசென்ற்’ என்பவர் பேசவே விரும்பாதவர்; அதன் அடியிலே மௌனத்தைக் குறிக்கும் இலத்தீன் வினை கிடக்கின்றது. ‘கார்டட்’ என்பது அகப்பட்டுக்கொள்ளாதிருக்கக் காவல் வைத்துப் பேசுவது. சட்டத்தரணியின் முன்னிலையிலே பேசும் கட்சிக்காரனுக்குப் பொருந்தும். ‘ரெம்பரேற்’ என்பது சரியான விகிதத்திலே கலந்தது என்ற பொருளில் பிறந்தது. குடிக்கும் கோபத்துக்கும் காலநிலைக்கும் ஒருங்கே ஆகும். ‘அண்டஸ்ரேற்றட்’ என்பது உள்ளதிலும் குறைத்துச் சொல்வது; இஃது ஆங்கிலேயருடைய தனிச்சொத்து என்பர். இவர்களிலே ரெற்றிசென்ற் என்பவர் சொல்லாமல் விடுகிறார். அண்டஸ்ரேற்றட் குறைத்துச் சொல்கிறது. மெஷர்ட் ஒன்றுதான் வேண்டிய அளவுக்குச் சொல்கிறது. வேண்டிய அளவு பெரிதாயின் பெரிதாகவே சொல்லும்.

அப்படியாயின், ஒருவருடைய பேச்சு அளந்த பேச்சு என்று எப்படித் தெரியும்? வாய் நிறையச் சொல்லக்கூடியவர் அதற்குக் கீழே நின்றார் என்பது தெரிந்தால்தான் தெரியும். சொல்வதற்கு ஒன்றுமில்லாதவன் சுருங்கச் சொன்னால் அது வறுமை. சொல்ல அஞ்சியவன் சுருங்கச் சொன்னால் அது பயம். தன் கோபம் பலிக்கும் இடத்திலே அதனை அடக்குகிறவனையே அடக்கினவனாக எண்ண வேண்டும், பலிக்காத இடத்திலே அடக்கினாலென்ன, விட்டாலென்ன என்று வெகுளாமை அதிகாரத்தைத் தொடங்கும்போதே வள்ளுவர் கேட்டுவிட்டார். ஷேக்ஸ்பியர் இதனையே ஒரு நாடகமாக்கினார் எனலாம். ‘மெஷர் போ மெஷர்’ என்ற அந்நாடகம் 1604ஆம் ஆண்டு அரசவையிலே நடிக்கப்பட்டது. பெயர் மத்தேயு சுவிசேஷத்தின் ஏழாம் அதிகாரத்திலிருந்து எடுத்தது. வியன்னா நகரத்துப் பிரபு தம் அதிகாரத்தை அஞ்செலோ என்பவனிடம் கொடுத்துவிட்டு மறைந்திருந்து பார்க்கிறார். அஞ்செலோ கட்டுப்பாட்டுக்கே பேர்போனவன். அதிகாரம் கைக்கு வந்ததும், சகோதரனுடைய உயிருக்காக மன்றாட வந்த பெண்ணிடம் அவளது கற்பையே விலையாகக் கேட்கிறான். அதுவரையில் அவனிடமிருந்தது அடக்கமன்று, வாய்ப்பின்மை.

இனி, வாய்ப்பிருந்தும் அளந்தவர் ஒருவரைப் பார்ப்போம். 1863ஆம் ஆண்டு யூலை முதல் மூன்று நாள்களும் அமெரிக்க உள்நாட்டுப் போரின் பெருஞ்சமரொன்று கெற்றிஸ்பேர்க்கிலே நடந்தது. வடபுலத்துப் படை வென்றது. தோற்ற தென்படை பின்வாங்கிப் பொற்றோமக் ஆற்றங்கரையிலே வெள்ளத்தால் தடைப்பட்டு நின்றது. அப்பொழுதே தாக்கியிருந்தால் போர் அத்தோடு முடிந்திருக்கும் என்பது ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கனுடைய எண்ணம். வடபடைத் தளபதி ஜோர்ஜ் மீட் தாக்கத் தயங்கினார். யூலை 14ஆம் திகதிக்குள் எதிரி ஆற்றைக் கடந்துவிட்டான். வாஷிங்டனிலிருந்து சேனாதிபதி ஹலெக், ஜனாதிபதியின் அதிருப்தியைத் தந்தியிலே தெரிவித்தார். மனம் புண்பட்ட மீட், தம்மைப் பதவியிலிருந்து விடுவிக்குமாறு கேட்டுக்கொண்டார்.

அன்றே லிங்கன் அவருக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தார். வெற்றிக்கு நன்றி கூறி, மனவருத்தம் உண்டாக்கியதற்கு வருந்தித் தொடங்கிய கடிதம், எழுத எழுதத் திசை மாறியது. கைக்குள் வந்த எதிரியை விட்டுவிட்டீர், இதனால் போர் நீளப்போகின்றது என்ற குற்றச்சாட்டாக அது முடிந்தது. வைத ஒரு சொல் அதிலே இல்லை. ஆங்கிலேயர் எவரும் அதனை ‘மெஷர்ட்’ என்றே சொல்வர். ஆயினும் அவர் அதனை அனுப்பவில்லை, கையொப்பமும் இடவில்லை. உறையின்மேல், மீட்டுக்கு எழுதியது, அனுப்பப்படவில்லை என்ற கருத்துப்படக் குறித்து, தம் கடிதங்களோடு போட்டுவைத்தார். அது பிற்காலத்தார் கைக்கு வந்தமையாலேயே நாம் அறிகின்றோம். தாம் அளந்து எழுதியதும் பெறுபவருக்கு அளவு மீறியதாகும் என்பதை எழுதி முடித்தபின் அவர் கண்டிருக்க வேண்டும். மீட் பதவியிலே தொடர்ந்தார். போர் முடியும்வரை அப்படைக்கு அவரே தளபதி.

அதே ஆண்டு நவம்பர் 19ஆம் திகதி, அதே கெற்றிஸ்பேர்க்கில் மாண்ட வீரருடைய மயானத்தை அர்ப்பணஞ் செய்யும் விழாவிலே லிங்கன் பேசிய பேச்சைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஆங்கிலத்திலே ஏறக்குறைய 270 சொற்கள். இரண்டு நிமிடத்துக்குச் சிறிது கூட. அவருக்கு முன்னே எட்வேட் எவரெற் இரண்டு மணி நேரம் பேசினார். இதனைச் சொல்லும்போது எவரெற்றை ஏளனஞ் செய்வது நம் மேடைப் பேச்சாளர்களுக்கு வழக்கமாகிவிட்டது, அது நீதியன்று. அன்றைய விழாவிலே முதன்மைப் பேச்சாளர் எவரெற்றே. இரண்டு மணி நேரம் என்பது சபையார் அவரிடம் எதிர்பார்த்த அளவு. லிங்கனிடம் கேட்கப்பட்டது அர்ப்பணத்துக்கான சில சொற்கள் மாத்திரமே. இருவரும் தத்தமக்குக் குறித்த அளவிலே பேசினர். தாம் இரண்டு மணி நேரத்திலே அணுகிய கருத்தை இரண்டு நிமிடத்திலே தொட்டுவிட்டீர்கள் என்னும் கருத்துப்பட மறுநாளே லிங்கனுக்கு எழுதிய எவரெற்றும் அளவறிந்தவரே என்பேன்.

அனுப்பாத கடிதம் நமக்கு உணர்த்துவது ஒன்று உண்டு. அளவுகோல் பேசுபவனுடைய கையில் இருந்தால் மாத்திரம் போதாது. கேட்பவனும் அந்தக் கோலை அறிந்திருக்க வேண்டும். கடையிலே கொத்தால் அளக்கும்போது, விளிம்போடு வழித்து அளப்பதா குவித்து அளப்பதா என்பது கொடுப்பவருக்கும் கொள்பவருக்கும் பொதுவாகத் தெரிந்திராவிட்டால், கொத்து இருந்தும் சண்டை தீராது.

கொரியப் போரிலே நிகழ்ந்ததாக ஒரு செய்தி ஆங்கிலேயரிடையே நெடுங்காலமாக வழங்குகின்றது. 1951ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் திகதி இரவு, இம்ஜின் ஆற்றங்கரையைக் காத்துநின்ற பிரித்தானியாவின் 29ஆவது பிறிகேட் படையைச் சீனச் சேனை தாக்கத் தொடங்கியது. குளொஸ்ரர்ஷயர் றெஜிமென்றின் முதலாம் பட்டாலியன் தனித்துச் சூழப்பட்டு, 235ஆம் குன்றின்மேல் நின்று போராடியது. பிறிகேட்டின் தலைவர் பிறிகேடியர் தொம் புரோடி. அவருக்கு மேலே இருந்தவர் ஓர் அமெரிக்கச் சேனாதிபதி. நிலைமை எப்படி என்று அவர் கேட்டபோது, ‘சற்றே ஒட்டிப்பிடிக்கின்றது’ என்ற கருத்துள்ள ஓர் ஆங்கில வழக்கினால் புரோடி பதில் சொன்னாராம். இங்கிலாந்திலே பிறந்து வளர்ந்த காதுக்கு அது, கழுத்துவரை வந்துவிட்டது என்று கேட்டிருக்கும். அமெரிக்கக் காதுக்கோ, கொஞ்சம் கஷ்டம், சமாளித்துக்கொள்வோம் என்று கேட்டதாம். பட்டாலியன் நின்ற இடத்திலேயே நின்றது. 25ஆம் திகதி எல்லாம் முடிந்தபோது அதன் வீரர் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டிருந்தனர். தப்பி மீண்டவர் மிகச் சிலர்.

அழிவுக்கு அந்த ஒரு சொல்லே காரணம் என்று எவரும் சொல்லார். படைகளுக்கிடையே விடப்பட்டிருந்த இடைவெளியும், எதிரியின் பெருந்தொகையும், உதவிப் படை வந்து சேர இயலாமற் போனதும் உண்மையான காரணங்கள். எனினும் அக்கதை எழுபது ஆண்டுகளுக்கு மேலாகச் சாகாமல் வழங்குவதற்கு அதற்குள் இருக்கும் உண்மையே காரணம். புரோடி பேசியதாகச் சொல்லப்படும் பேச்சு அடக்கமான பேச்சு, வீரமான பேச்சுங்கூட. அளந்த பேச்சு மாத்திரம் அன்று. அளந்திருந்தால், கேட்பவர் எந்த நாட்டவர் என்பதும் அந்த அளவுக்குள் அடங்கியிருக்கும். சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் அதனோடு அமையாது அவையறிதல் என வேறோர் அதிகாரம் வகுத்ததும் இது பற்றியே போலும்.

நிற்க. இனி, பையன் கொண்டுவந்த செய்தியின் கடைசிப் பந்திக்கு வருவோம். பேச்சுக்கு வழங்கிய இவ்வடைமொழி படைச் செயலுக்கு வழங்கத் தொடங்கியதே இதன் வரலாற்றிலே பெரிய திருப்பம் என்பது என் கருத்து. அங்கேயும் நல்ல உதாரணங்கள் இல்லாமலில்லை. 1962ஆம் ஆண்டு ஒக்ரோபரிலே, கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பதைக் கண்ட கெனடி, உடனே குண்டு வீசவேண்டும் என்ற ஆலோசனையை விலக்கிக் கடலிலே கப்பல்களை மறிக்கத் தீர்மானித்தார். அதற்கும் ‘முற்றுகை’ என்ற சொல்லை வழங்காது, நோய்த்தடைக்கு வழங்கும் ‘குவாரன்ரைன்’ என்ற சொல்லையே வழங்கினார். முற்றுகை என்பது சர்வதேசச் சட்டத்திலே போர்ச் செயலாகிவிடும். செயலையும் அளந்தார், செயலின் பெயரையும் அளந்தார். எதிர்த் தரப்பாருக்கும் அந்த அளவு விளங்கியது.

மூன்றாண்டு கழியுமுன்னே அதே வாஷிங்டனில் அதே சொல் வேறு வேலைக்குப் போயிற்று. 1965ஆம் ஆண்டு பெப்ரவரி 13ஆம் திகதி, வட வியட்நாமின்மேல் விமானத் தாக்குதல் நடத்துவதற்கு ஜனாதிபதி ஜோன்சன் அனுமதி அளித்தார். சைகோனிலிருந்த அமெரிக்கத் தூதுவருக்கு அனுப்பப்பட்ட அறிவித்தலிலே, அது ‘மெஷர்ட்’ ஆனதும் மட்டுப்படுத்தப்பட்டதுமான நடவடிக்கை என்றே எழுதப்பட்டிருந்தது. 1971ஆம் ஆண்டு வெளிப்பட்ட பென்ரகன் ஆவணங்களினால் இதனை உலகம் அறிந்தது. தாக்குதல் மார்ச்சு 2ஆம் திகதி தொடங்கியது.

அதனை அளந்த செயல் என்றது வெறும் பொய் என்று தள்ளிவிட முடியாது. உண்மையிலே அளந்தார்கள். பத்தொன்பதாம் அகலக்கோட்டுக்கு வடக்கே போகக்கூடாது என்று முதலிலே கோடு கிழித்தார்கள். ஒவ்வொரு பாலத்தையும் ஒவ்வொரு முகாமையும் பட்டியலிட்டு, செவ்வாய்க்கிழமைதோறும் ஜனாதிபதியின் பகலுணவு மேசையிலே இலக்குகளைத் தெரிந்தார்கள். எத்தனை பறப்பு, எத்தனை தொன் என்று எண்ணினார்கள். அவர்களிடம் இதைவிட எத்தனையோ மடங்கு ஆற்றல் இருந்தது. அதனை அடக்கினார்கள் என்பதும் மெய். மேலே நான் சொன்ன முதல் நிபந்தனை பூரணமாக நிறைவேறியது. பிறகு கோடு வடக்கே நகர்ந்தது, மீண்டும் நகர்ந்தது. எட்டு வாரத் திட்டமாக எண்ணப்பட்டது மூன்றரை ஆண்டுக்கு மேலே நீண்டது. 1968ஆம் ஆண்டு ஒக்ரோபர் கடைசியிலே ஜோன்சன் அதனை நிறுத்துவதாக அறிவித்தபோது, ஆறு இலட்சம் தொன்னுக்கும் அதிகமான குண்டுகள் விழுந்துவிட்டன. வின் என்னும் நகரம் ஏறக்குறைய முழுவதும் தரைமட்டமாயிற்று. பல்லாயிரம் குடிமக்கள் மாண்டனர்.

அளவுகோல் ஒருவர் கையிலே மாத்திரம் இருந்தது. சிறிது சிறிதாகக் கூட்டினால் எதிரி நமது பொறுமையையும் நமது பலத்தையும் ஒருங்கே உணர்ந்து இணங்குவான் என்பது வாஷிங்டன் போட்ட கணக்கு. ஹனோய் அதனை அப்படி வாசிக்கவில்லை. அங்கே அது தயக்கமாகவும் தெரிந்தது, கொடுமையாகவும் தெரிந்தது. கூரைமேல் குண்டு விழுந்தவனிடம், உன் அயற்கிராமம் இந்த வாரப் பட்டியலிலே இல்லை, ஆதலால் இஃது அளந்த செயல் என்று சொன்னால் அவன் என்ன செய்வான்? பல ஆண்டுகள் போர்ச் செய்தி வாசித்தே காலை விடிந்த நாடு நம்முடையது. இத்தகைய அடைமொழிகளுக்கு நாம் புதியவரல்லேம். இவற்றை அவசர அவசரமாகத் தமிழாக்கி அச்சுக்கு அனுப்பியவர்களிலும் நம்மவர் பலர்.

இனி மொழிபெயர்ப்பு. இச்சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல் தேடுவது வீண் முயற்சி. மைலுக்கு ‘அளந்து குறித்த’ என்று எழுதலாம். நடைக்கு ‘சீரான’ என்பது போதும். இசைக்குத் ‘தாளக்கட்டுள்ள’ என்பது கிட்டவரும். ஆனால் முழுதும் சரியன்று. பேச்சுக்கு ‘நிதானமான’ என்பதையே நான் விரும்புகிறேன். நிதானித்தல் என்பது நின்று மதிப்பிடுதலையும் குறிக்கும் ஆதலின், அளத்தலின் சாயல் அதிலே சிறிது உண்டு. ‘மெதுவாக’ என்று சிலர் எழுதுகின்றனர். அது பேச்சின் வேகத்தை மாத்திரம் சொல்லும். ‘அடக்கமாக’ என்றால் பேசியவர் சபைக்குப் பயந்தவர்போல் ஆகிவிடும். ‘அளவாக’ என்பதில் குறையில்லை. எனினும் உணவைப் பற்றிப் பேசுவதுபோலச் சற்று ஒலிக்கின்றது.

படைச் செயலுக்குத்தான் தொல்லை. பத்திரிகைகள் ‘அளவான பதிலடி’ என்று எழுதுகின்றன. சொல்லுக்குச் சொல் சரி. ஆனால் அடைமொழி என்பது எழுதுபவனுடைய சாட்சியம். ‘கறுத்த மாடு’ என்று நான் எழுதினால், மாடு கறுப்பு என்பதற்கு நான் பொறுப்பு. ‘அளவான பதிலடி’ என்று எழுதினால் அதை அளந்து பார்த்ததாக நான் ஒப்புக்கொண்டவனாகிறேன். அமைச்சருடைய வாயிலிருந்து அது வந்திருக்குமானால் அவருடைய வாயிலேயே அதனை விட்டுவிட வேண்டும். ஆங்கிலச் செய்தியாளர் மேற்கோட் குறியினால் செய்வதை நாம் ‘என’ என்னும் ஓரிடைச்சொல்லினால் செய்துவிடலாம். இத்தகைய வசதி தமிழிலே தாராளமாக உண்டு, நாம்தாம் கைவிடுகிறோம்.

இதையெல்லாம் பையனுக்கு இவ்வளவு நீளமாக நான் சொல்லவில்லை. அவனுக்கு அடுத்த நாளும் வேலை உண்டு. முதல் வாக்கியத்தை, ‘அமைச்சர் நிதானந் தவறாது பதிலளித்தார்’ என்று திருத்தினான், உரத்து வாசித்தான். வாசித்துவிட்டு அடுக்களைப் பக்கம் பார்த்தான். அங்கிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. கடைசி வாக்கியத்தை, ‘தம் நாட்டின் நடவடிக்கை அளவோடு அமைந்தது என அமைச்சர் கூறினார்’ என்று எழுதினான். நான் ஆங்கிலத் துண்டை வாங்கி அவனுடைய தமிழோடு வரிக்கு வரி ஒத்துப் பார்த்தேன். நடுப் பந்தியிலே, அந்தத் தாக்குதலில் இறந்தோருடைய தொகை ஓர் எண்ணாகக் கிடந்தது. அந்த வரி தமிழிலே இல்லை. விரலால் சுட்டிக் காட்டினேன். “சின்ன வரி மாமா, கண்ணிலை படேல்லை” என்றான். பேனையை எடுத்து அதனைச் சேர்த்து எழுதினான்.